வெறுங்கையா, ரிஸ்ட் ஸ்ட்ராப்பா, மேட்டா? கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவருக்கு எது போதும்

"எத்தனையோ மெஷின் வெறுங்கையாலேயே போட்டாச்சு, ஒண்ணும் ஆகல" என்பார் ஒருவர். "ரிஸ்ட் ஸ்ட்ராப் இல்லாம மதர்போர்டைத் தொடவே கூடாது" என்பார் இன்னொருவர். பேச்சு ஸ்டாட்டிக் பற்றியது: நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் கம்ப்யூட்டரின் சில்லுகளை (சிப்) கெடுத்துவிடக்கூடும், அதை வடிக்க மணிக்கட்டில் மாட்டும் பட்டைதான் ரிஸ்ட் ஸ்ட்ராப். பாகங்களையெல்லாம் வாங்கி வைத்துவிட்டு, கவரைப் பிரிக்கவே தயங்கி உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டு பேச்சாலும் பயனில்லை. எந்த வழியில் என்ன கிடைக்கும், எது எங்கே கைவிடும் என்று தெரிந்தால்தான் அவரால் முடிவெடுக்க முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போகிறீர்கள் என்றால், வயர் உள்ள சாதாரண ரிஸ்ட் ஸ்ட்ராப் ஒன்று வாங்கி, அதன் கிளிப்பைக் கேபினட்டில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். ஸ்ட்ராப் கிடைக்கவில்லையா, அடிக்கடி உலோகத்தைத் தொட்டுக்கொண்டே வேலை செய்யும் பழைய வழியும் போதும். ஆனால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். மேட் (பாகங்களை வைக்கும், மின்னூட்டத்தை வடிக்கும் விரிப்பு) என்பது போர்டுகளை வெளியே வைத்து அடிக்கடி வேலை பார்ப்பவர்களுக்கு. வயர்லெஸ் பேண்ட் யாருக்கும் வேண்டாம்.

இந்த வரிசை ஏன் என்று புரிய, ஸ்டாட்டிக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். இரண்டு பொருட்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான்கள் போய்விடுகின்றன. செருப்பும் தரையும், சட்டையும் நாற்காலியும், பிளாஸ்டிக் கவரும் கையும் நாள் முழுக்க இப்படித்தான் ஒட்டிப் பிரிந்துகொண்டிருக்கின்றன. காற்றில் ஈரம் இருந்தால் பொருட்களின் மேற்பரப்பில் மெல்லிய ஈரப் படலம் படிந்து, சேர்ந்த மின்னூட்டம் மெதுவாகக் கசிந்துவிடும். காற்று வறண்டால் கசிய வழியில்லை. கார்ப்பெட்டில் நடப்பவர் உடலில் ஈரப்பதம் 10, 20 சதவீதமாக இருக்கும்போது 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும் என்றும், அதே நடை 65 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போது 1,500 வோல்ட் அளவோடு நின்றுவிடும் என்றும் இந்தத் துறையின் பாடநூல் அட்டவணைகள் சொல்கின்றன. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் ஒருவருடைய "ஒண்ணும் ஆகல" இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை. ஏசி அறையிலும், ஹீட்டர் ஓடும் அறையிலும், குளிர்காலத்திலும் வேலை செய்பவர் நிலைமை வேறு.

விரல் நுனியில் சுரீர் என்று ஒரு ஷாக் அடிப்பதை நம்மால் உணர வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 வோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே நடப்பது எதுவும் நமக்குத் தெரியாது. சில்லுகளோ அந்த அளவுக்குக் காத்திருப்பதில்லை. அவற்றைச் சோதிக்கும்போது மனித உடலுக்குப் பதிலாக 100 பிகோஃபாரட் மின்தேக்கியையும் 1,500 ஓம் மின்தடையையும் வைக்கிறார்கள். அந்தச் சோதனையில் 250 வோல்ட்டைக்கூடத் தாங்காத சில்லுகளுக்கென்று தனி வகுப்பே உண்டு. அதே கணக்கில் 3,000 வோல்ட்டைப் போட்டுப் பாருங்கள்: பாயும் மின்னோட்டம் உச்சத்தில் 2 ஆம்பியர். ஒரு நொடியைக் கோடிக் கூறாக்கினால் அதில் ஒன்றரைக் கூறு நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி ஓடி முடிந்துவிடும். நம் தோலுக்கு அது ஒரு கிள்ளு. சில நானோமீட்டர் தடிமனுள்ள காப்பு அடுக்கை நம்பி வேலை செய்யும் டிரான்சிஸ்டருக்கு அது பேரடி. ஆகவே, "ஷாக்கே அடிக்கலையே, அப்புறம் என்ன" என்பது சான்றாகாது.

அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். இன்றைய சில்லுகளில் ஒவ்வொரு பின்னுக்கும் உள்ளேயே பாதுகாப்பு டயோடுகள் இருக்கின்றன. போர்டில் பொருத்தப்பட்டுவிட்ட சில்லு, தனியாகக் கையில் இருக்கும் சில்லைவிடப் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். யூஎஸ்பி போன்ற வெளிப்புறப் போர்ட்டுகள் மனிதர்கள் தொடுவார்கள் என்று தெரிந்தே வடிவமைக்கப்படுகின்றன. வெறுங்கையால் போட்ட மெஷின்கள் ஓடுவதற்கு இவையெல்லாம் காரணம். ஆனால் ஸ்டாட்டிக் அடித்த சில்லு உடனே செத்துவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாதி அடிபட்டு, மாதக்கணக்கில் ஓடி, பிறகு காரணமே தெரியாமல் மக்கர் செய்யலாம். அப்போது அன்றைய அடியை யாரும் நினைத்துப் பார்க்கப் போவதில்லை. வீட்டில் நடந்தது ஸ்டாட்டிக்கா இல்லையா என்று நிரூபிக்கவே முடியாது என்பதால், அனுபவக் கதைகளை வைத்து இந்த வழக்கைத் தீர்க்கவும் முடியாது. செலவையும் சிரமத்தையும் எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னும் ஒன்று. நம்மில் பலர் "எர்த்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம். பூமியோடு இணைவது நல்லதுதான், ஆனால் காரியம் நடப்பது வேறு இடத்தில். நீங்களும் கேபினட்டும் கையில் இருக்கும் பாகமும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும் இரண்டு தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் எந்தப் பக்கமும் எதுவும் ஓடாது. மூன்றும் சமமாக இருந்தால் பொறி பறக்க இடமே இல்லை.

தொட்டுத் தொட்டு வேலை செய்வது

செலவே இல்லாத வழி. தொடங்கும் முன் எர்த் உள்ள ஏதாவது உலோகத்தைத் தொட வேண்டும். அப்புறம் ஒரு கையை எப்போதும் கேபினட்டின் உலோகச் சட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஒவ்வொரு பாகத்தை எடுக்கும் முன்னும் அதைத் தொட வேண்டும். இயற்பியல்படி இதில் எந்தக் குறையும் இல்லை. தொட்ட அந்தக் கணத்தில் நீங்களும் கேபினட்டும் சமம்.

குறை நம் ஞாபகத்தில் இருக்கிறது. ராம் சரியாக உட்காரவில்லை, கையேட்டைப் பார்க்க எழுந்திருக்கிறீர்கள். எழுந்த அந்த ஒரு அசைவிலேயே, நாற்காலித் துணியிலிருந்து பிரியும்போது, வறண்ட அறையில் பல ஆயிரம் வோல்ட் ஏறிவிடக்கூடும். கையேட்டைப் புரட்டிக்கொண்டே திரும்பி வந்து, மனம் முழுக்க எந்த ஸ்லாட் என்பதிலேயே இருக்க, நேராக ராம் மேல் கை வைப்போம். கவனம் வேறு வேலையில் மும்முரமாக இருக்கும் நேரத்தில்தான் தொட மறப்போம், அந்த நேரத்தில்தான் பாகமும் கையில் இருக்கும். இந்த வழியைப் பற்றி எனக்குள்ள ஒரே ஆட்சேபம் இதுதான். ஒரே இடத்தில் நின்றபடி, பருத்தி உடையில், ஈரமான காற்றில், அரை மணி நேரத்தில் ஒரு ராமையோ எஸ்எஸ்டியையோ மாற்றுவதற்கு இது தாராளமாகப் போதும். முழு மெஷினையும் முதல்முறையாகக் கட்டுபவர் எத்தனை தடவை எழுந்து உட்காருவார் என்று யோசித்தால் போதாது.

தொடும் இடமும் முக்கியம். கேபினட்டின் வெளிப்புறப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. கறுப்பு பெயின்ட் அடித்த பக்கவாட்டுத் தகட்டை எத்தனை முறை தொட்டாலும் உருப்படியாக எதுவும் நடக்காது. பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஸ்க்ரூக்கள், விரிவாக்க ஸ்லாட்டை மூடியிருக்கும் பூச்சில்லாத தகடுகள், மதர்போர்டு உட்காரும் பித்தளைத் தாங்கிகள் ஆகியவை நம்பத்தக்கவை.

ரிஸ்ட் ஸ்ட்ராப்

மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் வயர், முனையில் ஒரு முதலைவாய் கிளிப். பட்டைக்கும் வயருக்கும் நடுவே 1 மெகாஓம் மின்தடை ஒன்று ஒளிந்திருக்கும். பாதுகாப்பு முழுக்க அதில்தான். 240 வோல்ட் மெயின் லைனைத் தவறுதலாகத் தொட்டுவிட்டால்கூட அந்தப் பாதையில் ஓடுவது 0.24 மில்லிஆம்பியரைத் தாண்டாது. மனிதர் உணரத் தொடங்கும் அளவுக்கும் கீழே. அதே நேரம், உடலில் சேரும் மின்னூட்டத்தை வடிக்க அந்த மின்தடை கொஞ்சமும் தடையாக இல்லை. மில்லி நொடி ஆவதற்குள் எல்லாம் வடிந்துவிடும். இதனால்தான் ஒரு செப்புக் கம்பியைக் கையில் சுற்றி மறுமுனையை எர்த்தில் கட்டிக்கொள்ளும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாகங்களைக் காப்பாற்றப் போய் உயிரைப் பணயம் வைப்பதாகிவிடும்.

இதன் பெரிய பலம், ஞாபகத்தை நம்பாதது. எழுந்தாலும் உட்கார்ந்தாலும், கவனம் எங்கே இருந்தாலும், வடிகால் திறந்தே இருக்கிறது. வயர் இழுக்கும் எல்லையைத் தாண்டிப் போக வேண்டுமானால் கழற்றியாக வேண்டும்; திரும்பி வந்ததும் மாட்ட வேண்டும் என்பதைத் தொங்கிக்கொண்டிருக்கும் கிளிப்பே நினைவூட்டும். மற்ற வழிகளுக்கு மேலாக இதை நான் வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஆனால் மாட்டும் விதம் தவறினால் வெறும் அலங்காரம். பட்டையின் உள்பக்கத்தில் சிறு உலோகத் தகடு ஒன்று இருக்கும் அல்லது உலோக இழைகள் ஓடும். அது தோலில் படிந்து இறுக்கமாக உட்கார வேண்டும். சட்டைக் கை மேல் மாட்டினால், அல்லது வளையல் போலத் தளர்வாகத் தொங்கவிட்டால் தொடர்பு விட்டுவிட்டு வரும். தோல் மிகவும் வறண்டவர்கள் மணிக்கட்டில் கொஞ்சம் ஈரம் தடவிக்கொள்ளலாம். கிளிப்பும் மேலே சொன்ன பெயின்ட் இல்லாத இடங்களில்தான் கடிக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையைப் பட்டையின் உள்தகட்டிலும் மறுமுனையைக் கிளிப்பிலும் வையுங்கள். ஏறக்குறைய 1 மெகாஓம் காட்டினால் சரி. எதுவும் காட்டாவிட்டால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது. சுருள் வயர்கள் பட்டையோடு சேரும் கழுத்தில்தான் பெரும்பாலும் அறும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. ஸ்டாட்டிக் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஈசி 61340-5-1-இன்படி இயங்கும் தொழிற்சாலைகளில் அணிந்திருப்பவரையும் சேர்த்து மொத்த மின்தடை 35 மெகாஓமைத் தாண்டக்கூடாது என்று எல்லை வைத்து, வேலைக்கு வருபவர்களைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். அந்த ஒரு சோதனை போதும்.

ஸ்ட்ராப் காக்காத இடமும் உண்டு. அது உங்கள் உடலை வடிக்குமே தவிர உங்கள் சட்டையை அல்ல. கம்பளி ஸ்வெட்டரும் பாலியெஸ்டர் சட்டையும் தம் மின்னூட்டத்தை வைத்துக்கொண்டே இருக்கும், ஆகவே கைகளை மடித்துவிட்டுக்கொள்வது நல்லது. அடுத்து, இப்போதுதான் கவரிலிருந்து வரும் பாகம். நீங்களும் கேபினட்டும் சமமாகிவிட்டீர்கள், அந்தக் கிராபிக்ஸ் கார்டு இன்னும் ஆகவில்லை. கவரோடு சேர்த்தே அதைக் கையில் வாங்கி, கவர் கேபினட் உலோகத்தில் ஒரு கணம் படும்படி வைத்து, பிறகு பிரியுங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பர் ஆர்வத்தோடு ராமை எடுத்து நீட்டினால், ராமை வாங்கும் முன் அவர் கையைத் தொடுங்கள். அவர் மேல் இருப்பதெல்லாம் உங்கள் ஸ்ட்ராப் வழியாகப் போய்விடும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் உறையைப் பிரிக்கும் வேலைக்கு மட்டும் ஸ்ட்ராப் கூடாது. அந்த வேலையையே வீட்டில் செய்யக்கூடாது. பிளக்கை உருவிய பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸை பிளக்கில் மாட்டி வைக்கலாமா?

மூன்று பின் பிளக்கைச் சாக்கெட்டில் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச்சை மட்டும் அணைத்துவிட்டால், எர்த் பின் வழியாகக் கேபினட் பூமியோடு இணைந்திருக்கும். பல அனுபவசாலிகள் இதைச் சொல்வார்கள், தத்துவம் சரிதான். நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஸ்விட்ச் தவறுதலாக ஆன் ஆகிவிட்டால், கம்ப்யூட்டர் ஓடாமல் இருக்கும்போதே மதர்போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஏறிவிடும். அந்த நிலையில் ராமைச் செருகுவது ஸ்டாட்டிக்கைவிடப் பெரிய ஆபத்து. சாக்கெட்டில் எர்த் வயர் உண்மையில் இணைக்கப்படாமல் இருந்தால் இன்னும் மோசம்: ஸ்விட்ச் ஆன் ஆனதும் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாகக் கேபினட் முழுதும் மெயின் மின்னழுத்தத்தில் பாதியளவு மிதக்கும். கேபினட்டைத் தொட்டால் விறுவிறுவென்று கை கூசுவது இதனால்தான். சமமாக இருப்பதே முக்கியம் என்று ஏற்றுக்கொண்டால், பிளக்கை முழுவதும் உருவிவிட்டு, ஸ்ட்ராப்பால் உங்களையும் கேபினட்டையும் இணைத்துக்கொள்வதே போதும்.

மேட்

ஆன்ட்டி ஸ்டாட்டிக் மேட் என்று விற்பதில் நல்லவை பெரும்பாலும் இரண்டு அடுக்கு கொண்டவை: கீழே நன்றாகக் கடத்தும் அடுக்கு, மேலே மெதுவாகக் கடத்தும் அடுக்கு. "மெதுவாக" என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. மின்னூட்டம் ஏறிய ஒரு சில்லு நேரடியாக உலோகத்தில் பட்டால், அதில் இருப்பதெல்லாம் ஒரே அடியாகப் பாய்ந்து வெளியேறும். நீங்கள் ஸ்ட்ராப் போட்டிருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் இங்கே மின்னூட்டம் இருந்தது பாகத்தில். மேட்டில் வைத்தால் அது நிதானமாக வடியும். அதனால்தான் எர்த் செய்த இரும்பு மேசையைவிட மேட் உயர்ந்தது; மேட்டின் மேல்பரப்பு மின்தடை பொதுவாக பத்து லட்சம் ஓமுக்கும் நூறு கோடி ஓமுக்கும் நடுவில் இருக்கும்படி செய்யப்படுகிறது.

அப்படியானால் எல்லோரும் வாங்கலாமே? கம்ப்யூட்டர் கட்டும்போது பாகங்கள் வெளியே கிடக்கும் நேரம் மிகக் குறைவு. கவரிலிருந்து வந்த ராம் நேராக ஸ்லாட்டுக்குப் போகிறது, பிராசஸர் நேராகச் சாக்கெட்டுக்குப் போகிறது. மதர்போர்டு மட்டும்தான் கொஞ்ச நேரம் மேசையில் இருக்கும், அதற்கு அது வந்த அட்டைப்பெட்டியே போதும். லேப்டாப், போன் என்று தினமும் போர்டுகளைப் பிரித்து வைப்பவருக்கு மேட் அவசியம். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல ஸ்க்ரூடிரைவரில் போடலாம்.

வாங்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேட் மட்டும் போட்டு ஸ்ட்ராப் போடாவிட்டால் கை அதில் படும்போது மட்டுமே வடியும். சாதாரண கிளீனரால் துடைத்தால் மேலே கடத்தாத படலம் படிந்து அது வெறும் ரப்பராகிவிடும். மவுஸ்பேடும் யோகா விரிப்பும் பார்க்க அப்படியே இருந்தாலும் எதிர்வேலை செய்பவை.

வயர்லெஸ் பேண்ட், கையுறை, கவர்

வயர்லெஸ் ஸ்ட்ராப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. மின்னூட்டம் வெளியேற ஒரு பாதை வேண்டும். வயர் இல்லை, பாதை இல்லை. அதைப் போட்டுக்கொண்டவர் பாதுகாப்பாக இருப்பதாக நம்பி கேபினட்டைத் தொடுவதையும் விட்டுவிடுவார் என்பதால், அது வெறுங்கையைவிடக் கெடுதல்.

கையுறையில் லேடெக்ஸ் மின்சாரத்தைக் கடத்தாமல் தானே மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும். நைட்ரைல் அதைவிட மேல். ஆனாலும் வெறுங்கையால் விளிம்பைப் பிடிப்பதே எனக்குப் பிடித்தது. தங்கப் பூச்சுத் தொடர்புகளில் விரல் படாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியும்.

கவர்கள் விஷயத்தில் ஒரு பழக்கம் மாற வேண்டும். வெள்ளி நிறக் கவருக்குள் மெல்லிய உலோக அடுக்கு இருக்கிறது. உள்ளே வைத்த பாகத்தை வெளியில் நடக்கும் பொறியிலிருந்து அது காக்கும். இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் கவர் தானாக மின்னூட்டம் சேர்க்காது, அவ்வளவுதான், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. எந்தக் கவரானாலும் காப்பது உள்ளே இருப்பதை. கவரை விரித்து அதன் மேல் மதர்போர்டை வைப்பதில் ஆதாயம் எதுவும் இல்லை, அந்த நிலையில் பவர் கொடுத்துப் பார்ப்பது கூடவே கூடாது. பாகங்களோடு வரும் தெர்மாகோல், பபிள் ராப், மெல்லிய பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முன்பே மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றை எந்த ஸ்ட்ராப்பாலும் வடிக்க முடியாது, ஏனென்றால் அவற்றுக்குள் மின்னூட்டம் நகரவே நகராது. தொழிற்சாலைகளில் இதற்கென அயனியாக்கி விசிறிகள் வைத்திருப்பார்கள்; நமக்கு அவற்றைத் தள்ளி வைப்பதே சுலபம். வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது, போர்டின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

சூழலைப் பார்த்து முடிவெடுக்க

காற்று ஈரமாக இருக்கிறது, வெறும் தரை, மரமேசை, ஒரு ராம் மாற்ற வேண்டும்: தொட்டுச் செய்யுங்கள், தயங்க வேண்டாம். முழு மெஷின், அல்லது ஏசி ஓடும் வறண்ட அறை: ஸ்ட்ராப். தரையில் கார்ப்பெட் என்றால் ஸ்ட்ராப்போடு, முடிந்தால் அறையையும் மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடியுங்கள். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே பாதிப் பிரச்சினை குறைந்துவிடும். பழைய போர்டுகளை வாங்கிச் சோதிப்பவர், பழுது பார்ப்பவர்: ஸ்ட்ராப்பும் மேட்டும் ஒரே புள்ளியில் இணைத்து.

கட்டி முடித்துப் பவர் பட்டனை அழுத்தியதும் திரையில் எதுவும் வராவிட்டால், ஸ்டாட்டிக் அடித்துவிட்டது என்று உடனே மனம் உடைந்துவிடாதீர்கள். ராம் க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுந்தியிருக்கிறதா, பிராசஸருக்கான 8 பின் பவர் கேபிள் மாட்டியிருக்கிறதா, மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் போயிருக்கிறதா என்று பாருங்கள். சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா, மதர்போர்டுக்கு அடியில் வேண்டாத இடத்தில் தாங்கி ஒன்று முட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அதற்காகத் திரும்ப உள்ளே கை விடும் முன் பிளக்கை உருவி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, மதர்போர்டில் எரியும் விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டு ஸ்ட்ராப்பை மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள்.